சீமைக் குளிரில் இராமானுஜன்

ஈரோட்டினின்று திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடந்ததும், காவிரியின் மேற்குக் கரையில் விளங்குவது கொடுமுடி. வடக்கினின்று இறங்கிவரும் பொன்னி இவ்விடத்தே கிழக்கு நோக்கித் திரும்புகின்றாள். மகுடேசுவரர் கோயிலையும் அதன் பழமையான வன்னி மரத்தையும் காண வருவோர் பலர். ஆனால் 1919-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இவ்வூருக்கு ஒரு நோயாளி வந்து, ஏறத்தாழ இரு திங்கள் தங்கினார் என்பதை அறிந்தோர் சிலரே. அவர் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வாளர். உலகக் கணித அறிஞர்கள் வியந்து போற்றிய சீனிவாச இராமானுஜன். அப்பொழுது அவருக்கு வயது 31. அடுத்த பிறந்த நாளுக்குப் பின் அவர் மற்றொன்று காணவில்லை.

அவருடைய கணிதத்தை விரித்துரைத்தல் தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு இயலுவதன்று. ஐந்தாண்டுக் காலம் ஒரு குளிர் நாட்டில் மாணவராக வாழ்ந்த அவர், அந்நாட்டின் தட்பவெப்பத்தோடும் உணவோடும் தனிமையோடும் பட்ட பாட்டினையே ஈண்டுச் சொல்லப் புகுந்தேன். நம் கலாசாலையினின்றும் ஆண்டுதோறும் சிலர் கடல் கடந்து கல்வி பெறச் செல்லுகின்றனர். அவர்க்கும், அவரை வழியனுப்பும் நமக்கும் இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு.

இராமானுஜன் பிறந்தது 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், ஈரோட்டில், தம் அன்னையாரின் பிறந்தகத்தில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடைக் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் பேரன்பு பூண்டவர். ஆகவே கும்பகோணத்தில் வளர்ந்தவராயினும், பிறப்பாலும் குலதெய்வத்தாலும் அவர் கொங்கு நாட்டோடு உறவுடையவரே. கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் கும்பகோணம் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் தவறினார். 1909-இல் சிறுமியாகிய ஜானகியை மணந்தார். 1912-இல் சென்னைத் துறைமுக நிலையத்தில் திங்கள் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ்க் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். அக்கடிதம் அவர் வாழ்வையே மாற்றிற்று.

கடல் கடத்தல் குலவொழுக்கத்துக்கு இழுக்கு என்று எண்ணிய காலம் அது. அன்னையார் முதலில் இசையவில்லை. பின்னர் நாமகிரித் தாயாரின் அருளால் கண்ட ஒரு கனவினால் மனம் மாறினார் என்பர். இராமானுஜன் குடுமியைக் களைந்தார், கால்சட்டை அணிந்தார், காலணியில் நடக்கப் பழகினார். 1914 மார்ச்சு 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் சென்னையை விட்டகன்று, ஏப்ரல் 14-ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார். இளம் மனைவியை உடன் அழைத்துச் செல்லவில்லை.

முதல் சில வாரங்கள் நெவில் என்னும் கணித ஆசிரியரின் இல்லத்தில் தங்கினார். அவரும் அவர் மனைவியாரும் அன்புடன் பேணினர். பின்னர்க் கல்லூரி விடுதிக்குக் குடிபெயர்ந்தார். வேனில் கழிந்தது, இலைகள் உதிர்ந்தன, குளிர் வந்தது. சென்னையில் தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பமானி 20 பாகையை ஒட்டியே நிற்கும். கேம்பிரிட்ஜிலோ அத்திங்களின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 4 பாகையே. டிசம்பரில் பகற்பொழுது எட்டு மணி நேரமும் நீடிப்பதில்லை. பாயில் படுத்து ஒற்றைப் போர்வையைத் தலைவரை இழுத்து மூடித் துயிலும் நம்மவருக்கு இஃது எத்தகைய மாற்றம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அக்காலத்தில் கிங்ஸ் கல்லூரியில் பயின்றவர் வங்காளத்தைச் சேர்ந்த மகலனோபிஸ். பிற்காலத்தில், 1931-இல், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் இவரே. ஒருநாள் இராமானுஜனின் அறைக்குச் சென்றபோது அவர் கணப்பருகே ஒடுங்கி அமர்ந்திருக்கக் கண்டார். இரவில் குளிர் தாங்கி உறங்க முடிகின்றதா என்று வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்துக்கொண்டு உறங்குவதாகவும், அப்படியும் குளிர் விடுவதில்லை என்றும் விடை வந்தது. மகலனோபிஸ் படுக்கையைச் சென்று பார்த்தார். கம்பளிகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கப்பட்டு, ஓரங்கள் மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அந்நாட்டு வழக்கப்படி அவற்றை நீக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை இராமானுஜன் அறியார். இத்தனை நாளும் அவற்றின் மேலேயே படுத்து நடுங்கியிருந்தார். நண்பர் கம்பளியை விலக்கி, உள்ளே படுக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் நகைப்புக்கு இடமாகக் கூறுவர். எனக்கோ நகை தோன்றவில்லை. எண்களின் மறைபொருளை எவரும் கற்பியாமலே கண்ட பேரறிவு, கட்டிலில் விரித்த கம்பளியின் மறைபொருளைக் காணவில்லை. அறிவின் குறையன்று அது, சொல்லிக்கொடுப்பார் இன்மையே. அவ்விடுதியில் மாணவரும் ஆசிரியரும் ஏவலரும் நிறைந்திருந்தனர். அவர் வியத்தகு கணிதர் என்பதை அறிந்தவர் பலர். இரவில் குளிர்கின்றதா என்று கேட்டவர் ஒருவர். தாமே சென்று கேட்டறிய இராமானுஜனின் கூச்சமும் இடங்கொடுக்கவில்லை.

உணவு மற்றொரு துன்பம். அவர் ஊனும் மீனும் முட்டையும் தீண்டாதவர். கல்லூரியின் பொது உணவுக்கூடத்தில் உண்ண அவர் மனம் ஒப்பவில்லை. தம் அறையிலேயே தாமே சமைத்துக்கொண்டார். புளி முதலிய பண்டங்கள் ஊரிலிருந்து அஞ்சலில் வரவேண்டும். 1914 ஆகஸ்டில் மூண்ட உலகப் போரால் காய்கறிகளும் பழங்களும் அரியவாயின. ஆராய்ச்சியில் ஆழ்ந்த நாட்களில் அவர் உண்பதற்கும் உறங்குவதற்கும் ஒரு வரையறை இல்லை. இத்தனைக்கும் இடையே 1916-இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் பெற்றார். ஓர் எண்ணை எத்தனை வகையாகக் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்பதற்கு ஹார்டியுடன் சேர்ந்து சூத்திரம் கண்டார். 4 என்னும் எண்ணை 5 வகையாகப் பிரிக்கலாம். 200 என்னும் எண்ணைப் பிரிக்கும் வகைகளோ பதின்மூன்று இலக்கம் கொண்ட ஒரு தொகையாகும். அத்தகைய பெருந்தொகையையும் பிழையின்றித் தந்தது அச்சூத்திரம்.

1917-ஆம் ஆண்டின் இளவேனிலில் உடல் நலிந்தது. மருத்துவர் பலர் வந்தனர், கருத்துப் பலவாயின, முடிவில் என்புருக்கி நோய் என்று கருதி, அந்நோய்க்குரிய உறைவிடங்களுக்கு அனுப்பினர். அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்தில்லை. தூய குளிர்ந்த காற்றே நுரையீரலை ஆற்றும் என்று நம்பி, இரவும் பகலும் சாளரங்களைத் திறந்துவைத்துக் கணப்பின்றியே நோயாளிகளைக் கிடத்துதல் அவ்விடங்களின் முறை. டார்பிஷயரில் மாட்லாக் என்னும் ஊரிலிருந்த உறைவிடத்தில் பல திங்கள் தங்கிய இராமானுஜனுக்கு இம்முறை பெருந்துன்பமாயிற்று. குளியலறை ஒன்றே வெதுவெதுப்பாக இருந்தது. ஆகவே தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அங்கே சென்று கணிதம் செய்ய எண்ணுவதாக ஒரு தமிழ் நண்பருக்கு எழுதினார். சுடும் வெயிலில் பிறந்த ஒரு பேரறிஞர் சற்றே வெம்மைக்காகக் குளியலறையை நாடிய அந்நிலையை நினைக்குந்தோறும் நெஞ்சம் இளகுகின்றது.

கடலில் பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்தமையால் தாயகம் திரும்பவும் வழியில்லை. வீட்டிலோ மாமிக்கும் மருமகளுக்கும் பிணக்கு, கடிதங்களும் அருகின. 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மனம் முற்றிலும் உடைந்து, தம் உயிரையே போக்கிக்கொள்ளத் துணிந்தார். ஆண்டவன் அருளால் பிழைத்தார். ஹார்டி விரைந்து வந்து அவரைக் காத்தார். இதனை மறைத்து எழுதுவோர் உளர். மறைத்தலால் பயனில்லை. தொலைநாட்டில் தனித்து வாடும் மாணவரின் துயரம் எவ்வளவு ஆழமானது என்பதை நாம் அறியவேண்டுமன்றோ? அவ்வாண்டு மே திங்களில் இராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வாளரானார். புகழ் வந்தது, நலம் மீளவில்லை. பட்னியில் நோய்ப்படுக்கையில் கிடந்தபோதே, தம்மைக் காணவந்த ஹார்டியின் வாடகை வண்டி எண்ணாகிய 1729, இரு கனங்களின் தொகையாக இரு வகையில் அமையும் எண்களுள் மிகச் சிறியது என்று கண்டு சொன்னார்.

அவருடைய நோய் யாது? 1994-இல் யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அஃது என்புருக்கி அன்று, முன்னாளில் இந்தியாவில் உற்ற சீதபேதியின் எச்சமாக ஈரலில் தங்கிய அமீபா நோயே என்று கருதினார். இது முடிந்த முடிபன்று. ஆயினும் அவர் கருத்து மெய்யாயின், தமக்கில்லாத நோய் ஒன்றின் பொருட்டே இராமானுஜன் குளிர்ந்த அறைகளில் கிடத்தப்பட்டார் என்றாகும். மற்றொன்றும் கருதத்தக்கது. அந்நாட்டு மாரிக்காலத்தில் சாய்ந்து விழும் வெயில், டி வைட்டமின் என்னும் ஊட்டப்பொருளைத் தோலில் உண்டாக்கப் போதாது. மீனும் முட்டையும் உண்போர் அதனை உணவால் ஓரளவு பெறுவர், இவர்க்கு அதுவுமில்லை. அப்பொருளுக்கு அறிவியலார் பெயரிட்டதே 1922-இல், இவர் மறைந்து ஈராண்டு கழிந்த பின்னர்.

போர் முடிந்தபின் 1919-இல் இராமானுஜன் தாயகம் மீண்டார். சென்னையில் சில காலம் இருந்தபின், வறண்ட காற்றுள்ள கோயம்புத்தூர்ச் சீமைக்குச் செல்லுதல் நலம் என்று மருத்துவர் கூற, அவர் தெரிந்தெடுத்த இடம் காவிரிக் கரைக் கொடுமுடி. மேட்டூர் அணை அப்பொழுது இல்லை. ஆடியில் புதுவெள்ளம் தடையின்றி நுங்கும் நுரையுமாய்ப் பெருகிவரும். ஆவணி அவிட்டத்தன்று ஆற்றங்கரைக்குப் புறப்பட்டபோது ஜானகியும் உடன்வர விரும்பினார். மாமியார் தடுத்தார். என்றும் அன்னை சொல்லைத் தட்டாத மகன், அன்று மனைவி வரட்டும் என்று அமைதியாகச் சொன்னார். தாம் அன்று சீமைக்கு உடன் சென்றிருந்தால் இந்நோய் வந்திராது என்று அவர் கூறியதாக, ஜானகி அம்மையார் முதுமையில் நினைவுகூர்ந்தார். கணிதத்துக்கு அரசராயினார் குளிர்நாட்டில் வேண்டியது எதுவெனில், உண்டாயா, உறங்கினாயா என்று கேட்கும் ஒரு குரலே என்பது இதனால் விளங்கும்.

பின்னர்க் கும்பகோணமும், மீண்டும் சென்னையும் சென்றார். 1920 ஜனவரியில் போலித் தீட்டா சார்புகள் என்னும் புதிய கண்டுபிடிப்பை ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். கடல் கடந்தவர் என்பதால் உறவினர் பலர் இறுதிக் கடனுக்கும் வரவில்லை. குளிர் இரு வகைத்து. ஒன்று வானத்தினது, அதற்குக் கம்பளி உண்டு. மற்றொன்று மனிதர் உள்ளத்தினது. அஃது அந்நாட்டிலும் உண்டு, இந்நாட்டிலும் உண்டு. நோயில் கிடந்து அவர் இறுதியாக எழுதிய தாள்கள் 1976-இல் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞரால் கண்டெடுக்கப்பட்டன. இன்றும் கணிதர் அவற்றினின்று புதியன காண்கின்றனர்.

தோழர்களே, கடல் கடந்து செல்வோர் கம்பளி அங்கியோடு, கேட்பதற்கு நாணாத நாவையும் உடன் கொண்டு செல்க. தெரியாது என்று சொல்லுதல் இழிவன்று. இங்கே இருப்போர்க்கும் கடமை உண்டு. நம் விடுதிக்கும் ஆண்டுதோறும் புதியவர் வருகின்றனர். மலைநாட்டினின்றும் வடகிழக்கு மாநிலங்களினின்றும் வருவோர்க்கு நம் வெயிலும் நம் காரமும் அயலானவையே. அந்நியனை ஏற்றுக்கொள்ளுதலை ஆண்டவர் தமக்கே செய்த தொண்டாக எண்ணுவார் என்று நம் திருமறை கற்பிக்கின்றது. அத்தொண்டு பெரும்பொருளை வேண்டுவதன்று. ஒருநாள் மாலை அடுத்த அறையின் கதவைத் தட்டி, நேற்றிரவு நன்றாக உறங்கினீரா என்று கேட்டாலே போதும். மகலனோபிஸ் செய்தது அவ்வளவே.