ஊர் கூடி நடத்திய பாடம்: நெ.து. சுந்தரவடிவேலு

பழைய செங்கற்பட்டு மாவட்டம் தமிழகத்திற்கு அளித்த சான்றோர் பலர். அவர்களுள் கல்வித்துறையில் அழியாத் தடம் பதித்தவர், நெ.து.சு. என்று அன்புடன் அழைக்கப்பெற்ற நெய்யாடுபாக்கம் துரைசாமி சுந்தரவடிவேலு. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் பிறந்தார். காஞ்சியில் பள்ளிக் கல்வியும் சென்னை மாநிலக் கல்லூரியில் உயர்கல்வியும் பெற்றார். பெரியாரின் தன்மான இயக்கம் இளமையிலேயே அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. சாதி பாராது காந்தம்மையாரைத் துணைவியாக ஏற்றார். கொண்ட கொள்கைக்குத் தம் வாழ்வையே முதற் சான்றாக்கிய பின்னரே பிறர்க்குக் கற்பிக்கும் பொறுப்பில் அவர் உயர்ந்தார்.

கல்வித்துறையில் ஆய்வாளராகப் பணியேற்றவர் படிப்படியாக உயர்ந்து, 1954ஆம் ஆண்டில் சென்னை மாநிலப் பொதுக்கல்வி இயக்குநரானார். அஃது ஒரு பெரும் பூசலின் இறுதிக் கட்டம். முந்தைய ஆண்டில் இராசாசி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, சிற்றூர்ப் பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரமே பள்ளியில் பயில வேண்டும்; எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். வாழ்க்கைக்குப் பயன்படும் திறனைப் பிள்ளைகள் பெறுவர் என்பது திட்டம் வகுத்தோரின் வாதம். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு மக்கள் எதிர்த்தனர். கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான கடற்கரையில் அதன் பொருள் எளிதில் விளங்கும். வலைஞர் மகனுக்கு வலை. உழவர் மகனுக்கு ஏர். பிறப்பே பாடத்திட்டமாகிவிடும். காமராசர் முதலமைச்சரானதும் 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

கைவிடுவது எளிது, மாற்று காண்பது அரிது. தொழிற்பயிற்சி இழிந்ததன்று. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தோன்றியபோது, வழிவழியாகக் குடும்பத்திற்குள் கற்பிக்கப்பட்டு வந்த உளிக்கலையும் பள்ளிப் படிப்பாயிற்று. எந்தத் திறனையும் எவரும் விரும்பிக் கற்கலாம் என்ற நிலையே வேண்டுவது. அதற்கு முதலில் பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டும். வந்தவர் பசியால் திரும்பாதிருக்க வேண்டும்.

காமராசரின் எண்ணத்தில் உருவான மதிய உணவுத் திட்டத்தைச் செயலாக்கும் பொறுப்பு நெ.து.சு.விடம் வந்தது. அரசின் கருவூலத்தை மட்டும் நம்பாமல், ஊராரின் அரிசியையும் உழைப்பையும் அவர் நாடினார். பல சாதிப் பிள்ளைகள் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். உயர்நிலைப் பள்ளிகளில் குடிமைப் பயிற்சி ஏட்டுப் பாடமாக இருந்த காலம் அது. அந்த ஏடு சமத்துவம் என்று எழுதிக் காட்டியதை, ஏட்டை இன்னும் எட்டாத சிறுவர்கள் நாள்தோறும் நண்பகலில் பயின்றனர்.

அடுத்து எழுந்தது பள்ளிச் சீரமைப்பு இயக்கம். 1958ஆம் ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் மாநாடு கூடியது. பெஞ்சும் கரும்பலகையும் தந்தோர் சிலர். கட்டடம் எழுப்ப முன்வந்தோர் சிலர். மாநாடுகள் மாநிலமெங்கும் பரவின. பள்ளி அரசினுடையது என்று ஒதுங்கி நின்ற ஊர், அதைத் தன்னுடையது என்று உணர்ந்தது. பொதுச்சொத்தைப் பேணுக என்று மாணவர்க்கு எத்தனை முறை சொன்னாலும், தம் தந்தையும் பாட்டனும் பள்ளிக்குச் சுவர் எழுப்பக் கண்டதற்கு அஃது ஈடாகாது. ஏழை, செல்வர் வேறுபாட்டை மறைக்கும் சீருடையும் இக்காலத்தில்தான் பரவியது.

ஈகையை நம்பிய முயற்சிக்கு ஓர் எல்லையும் உண்டு. செழித்த ஊரின் பள்ளிக்குக் கிட்டுவது வறண்ட குப்பத்தின் பள்ளிக்குக் கிட்டுவதில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியபோது அப்பொறுப்பை அரசே முழுமையாகத் தாங்கியது. எனினும், அடித்தளம் இட்டோர் கொடுத்துப் பழகிய ஊர் மக்களும் அவர்களைக் கேட்டுப் பழக்கிய அதிகாரியுமே.

1961இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். நினைவு அலைகள் என்னும் தன்வரலாற்றை விரிவாக எழுதினார். 1993 ஏப்ரல் 12ஆம் நாள் மறைந்தார்.

தேர்தல், சட்டமன்றம், சாலை விதி ஆகியவற்றை மாணவர் மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பித்துவிடலாம். அடுத்திருப்பவன் தனக்கு நிகர் என்பதை மனப்பாடம் செய்ய இயலாது. உடன் அமர்ந்தும் உடன் உண்டும் பழகியே அறிய வேண்டும். அப்பழக்கத்திற்கு இடமாகப் பள்ளியை ஆக்கியதே நெய்யாடுபாக்கத்து மைந்தரின் வாழ்நாட் பணி.