மீன் தொட்டி வைக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர்



நம் குடியிருப்பின் வரவேற்புக் கூடத்தில் கடல்நீர் மீன் தொட்டி வைக்க வேண்டும், அதில் பவளமும் வண்ண மீன்களும் இருக்க வேண்டும் என்று குழந்தைகள் கேட்டிருக்கிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் இது பேச்சுக்கு வருகிறது. நீங்கள் கை தூக்குவதற்கு முன், நூறு ஆண்டுகளுக்கு முன்பு நம் கடலோடு பழகிய ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன். முடிவு உங்களுடையது.

எட்கர் தர்ஸ்டன் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த பெரிய நூலின் ஆசிரியர். கே. ரங்காச்சாரி அந்த வேலையில் அவருக்கு உதவியவர். இன்றும் ஆராய்ச்சி செய்பவர்கள் அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் இருப்பதில்லை. ஆனால் அவர் ஒரு கடல் ஆள் என்பது பலருக்குத் தெரியாது.

1855-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் படித்தார். 1885-இல், முப்பது வயதில், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தார். 1908 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இடையில் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பாடமும் நடத்தினார்.

அருங்காட்சியகத்துக்கு அரும்பொருள் சேர்க்க வேண்டும். அதற்காக அவர் திரும்பத் திரும்பப் போன இடங்களில் ஒன்று நம் பக்கத்துக் கடல்தான். பாம்பன், இராமேசுவரம், தூத்துக்குடி. இன்று நீங்கள் காலையில் மதுரையில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் பாம்பன் பாலத்தில் நிற்கலாம். அன்று அப்படியில்லை. மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் வந்ததே 1902-இல். பாம்பன் ரயில் பாலம் 1914-இல். தர்ஸ்டன் இந்தக் கடற்கரைக்கு வரத் தொடங்கியபோது இரண்டுமே கிடையாது.

தூத்துக்குடியில் 1889-இல் நடந்த முத்துக்குளிப்பை நேரில் பார்த்தார். கல்லைக் கட்டிக்கொண்டு குளியாளிகள் இறங்குவது, எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவருக்கு, மீதி அரசாங்கத்துக்கு என்ற கணக்கு, சுறாவை மந்திரத்தால் கட்டி வைப்பவர் என்று நம்பப்பட்ட கடற்கட்டிக்கு இருந்த மரியாதை எல்லாவற்றையும் எழுதி வைத்தார். முத்து, சங்கு பற்றிய அவருடைய நூல் 1894-இல் அருங்காட்சியக வெளியீடாக வந்தது. மறு ஆண்டு இராமேசுவரம் தீவையும் மன்னார் வளைகுடா உயிரினங்களையும் பற்றிய நூல் வந்தது. பவளம், நட்சத்திர மீன், கடற்பஞ்சு, நண்டு என்று பட்டியல் நீள்கிறது. அவர் சேர்த்த நண்டுகளில் பலவற்றை ஆராய்ந்தவர் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஹெண்டர்சன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சேர்த்ததெல்லாம் எழும்பூருக்கு உயிரோடு போகவில்லை. பவளம் வெளுத்துக் காய்ந்த எலும்பாகப் போனது. மீனும் நண்டும் ஸ்பிரிட் பாட்டிலில் போயின. பாட்டிலில் நிறம் நிற்காது. கடலுக்குள் பார்த்த நீலமும் மஞ்சளும் கண்ணாடி அலமாரியில் சாம்பல் நிறமாகிவிடும்.

இந்தப் பழக்கத்தை அவர் மனிதர்களிடமும் கொண்டு போனார். 1890-களிலிருந்து ஊர் ஊராகச் சென்று மக்களின் தலை, மூக்கு, உயரம் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்தார். அவரைக் கண்டதும் ஓடியவர்கள் உண்டு. வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களில் நல்ல உருவமாகப் பார்த்துப் பிடித்துப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்று பயந்தார்களாம். இதை அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். நமக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. மூக்கை அளந்து இனம் பிரிக்கும் அந்தக் கணக்கை அறிவியல் பின்னாளில் தள்ளுபடி செய்துவிட்டது. அந்தப் பெண்களின் பயத்தில் மட்டும் நியாயம் இருந்தது. எதைக் கண்டாலும் எடுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் ஆளை அவர்கள் சரியாகவே அடையாளம் கண்டார்கள்.

ஆம்ட்ஹில் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில், மெரினா கடற்கரையில் கடல் மீன் காட்சியகம் அமைக்கும் யோசனை எழுந்தது. பாட்டிலில் இருப்பதை விட்டு, நீந்துவதை மக்கள் பார்க்கட்டும் என்பதுதான் அதன் பயன். அப்போது அருங்காட்சியகத்தின் தலைவர் தர்ஸ்டன். ஆனால் காட்சியகம் திறந்தது 1909 அக்டோபரில். அவர் பொறுப்பிலிருந்து போனது 1908-இல். கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து பார்த்த அந்தத் தொட்டிகளைக் கவனிக்கும் பொறுப்பு, அவருக்குப்பின் அருங்காட்சியகத்தை ஏற்ற அதே ஹெண்டர்சனுக்கு வந்தது. 1919-இல் காட்சியகம் மீன்வளத் துறைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது.

தர்ஸ்டன் கடைசிக் காலத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் பென்சான்ஸ் என்ற ஊரில் குடியிருந்தார். அங்கும் சும்மா இருக்கவில்லை. அந்த வட்டாரத்து மரம் செடிகளைப் பட்டியலிட்டு 1930-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1935 அக்டோபர் 12-இல் காலமானார்.

இந்த வாழ்க்கையிலிருந்து நம் தொட்டிக்கு என்ன வருகிறது என்று கேட்பீர்கள்.

முதலாவது, அவர் எடுத்ததுபோல் நாம் எடுக்க முடியாது. அவர் காலத்தில் கடல் வற்றாத கஜானாவாகத் தெரிந்தது. அதன் பின் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டினார்கள். விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. 2001 முதல் கல்பவளம், கடல்விசிறி, கடல்குதிரை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு. பிடித்தாலோ விற்றாலோ வைத்திருந்தாலோ சிறை. இறந்து காய்ந்த துண்டுக்கும் இது பொருந்தும். யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, பவளம் இல்லாமலும் தொட்டி வைக்கலாம். தொட்டிக்கென்று வார்த்த செயற்கைக் கல் கிடைக்கிறது. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். கடலில் பிடித்ததை விட்டு, பண்ணையில் வளர்ந்ததைக் கேட்டு வாங்கலாம்.

மூன்றாவது, கணக்கு. 200 லிட்டர் தொட்டிக்கு, லிட்டருக்கு 35 கிராம் வீதம் 7 கிலோ கடல் உப்புக் கலவை வேண்டும். நம் போர்வெல் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீர்தான். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைவதை நல்ல தண்ணீரால் மட்டும் நிரப்ப வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது. தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரைத் திருவிழா சமயத்து மதுரை வெயிலுக்குச் சில்லர் இல்லாமல் முடியாது. மின்தடைக்கு இன்வெர்ட்டரும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். தர்ஸ்டனுக்குப்பின் ஹெண்டர்சன் இருந்தார். திறப்பு விழா முடிந்து மூன்றாவது மாதம் நம் தொட்டிக்கு யார்? பொதுக்குழுவில் அந்தப் பெயரை முதலில் எழுதுவோம். அப்படி ஒருவர் முன்வந்தால் நானும் கை தூக்குகிறேன். வராவிட்டால், குழந்தைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிப் பாம்பனுக்கு அழைத்துப் போவோம். அங்கே தண்ணீர் மாற்றும் வேலை நம்முடையதல்ல.