டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி

மேகநோயைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவது மரியாதைக்குப் பொருந்தாது என்று நமது நேயர்களில் சிலர் கருதக்கூடும். அந்த மௌனத்தின் மறைவில்தான் அந்நோய் தலைமுறை தலைமுறையாகத் தழைத்து வந்தது. நோயாளியின் கட்டிலருகே நின்று மருந்து கொடுப்பதோடு தம் கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணாமல், சட்டசபைக்கே சென்று அதன் வேரை அறுக்க முயன்றவர் காலஞ்சென்ற டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி. அவருடைய சரித்திரத்தில் தேசத் தொண்டர்களாகிய நாம் கற்க வேண்டிய பாடமும், ஒப்புக்கொள்ள வேண்டிய பிழையும் உள்ளன.

அம்மையார் 1886-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தகப்பனார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் கீர்த்தி பெற்றவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆடவர் கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா என்று ஊரில் ஆட்சேபணை எழுந்தது. மன்னர் அதைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். 1907-ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் பட்டம் பெற்று, அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக அமர்ந்தார்.

அக்காலத்தில்தான் வைத்திய சாஸ்திரம் கிரந்தி நோயின் மர்மத்தை விடுவித்துக் கொண்டிருந்தது. 1905-ல் ஜெர்மனியில் அதன் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. மறுவருஷம் ரத்தப் பரிசோதனை வந்தது. 1910-ல் எர்லிக் என்னும் பேரறிஞரின் மருந்து வெளியாயிற்று. ஆனால் மருந்து கிடைத்த மாத்திரத்தில் நோய் ஒழிந்துவிடவில்லை. கணவன் வெளியிலிருந்து கொண்டுவந்த நோயைக் குற்றமற்ற மனைவி சுமந்தாள், கர்ப்பங்கள் கலைந்தன, பிறந்த சிசுக்கள் கண்ணிழந்தன. பழி மட்டும் எப்பொழுதும் பெண்ணின் தலையில் விழுந்தது.

அரசாங்கம் முன்பு கையாண்ட முறையும் இதுவே. வெள்ளைச் சிப்பாய்களைக் காப்பதற்கென 1868-ல் சட்டம் இயற்றி, விலைமாதர்களைப் பதிவு செய்து பலவந்தமாகப் பரிசோதித்தார்கள். அவர்களிடம் சென்ற ஆண்களை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. 1888-ல் அது ரத்தாயிற்று; அதன் மனப்பான்மை ரத்தாகவில்லை.

அம்மையார் 1926-ல் சென்னை சட்டசபை அங்கத்தினராக நியமனம் பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதல் பெண்மணி அவரே. சபையின் உபதலைவராகவும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927-ல் பெண்குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமெனப் பிரேரணை கொண்டுவந்தார். அவ்வழக்கத்தைத் தாங்கி நின்றது பக்தி மட்டுமன்று. தேவதாசிக் குடும்பங்கள் அனுபவித்த மானிய நிலம் கோயில் ஊழியத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. நிலம் கைவிட்டுப் போகாதிருக்க ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். 1929-ம் வருஷச் சட்டத்தின் மூலம் ஊழியம் இன்றியே நிலம் அவர்களுக்கு உரித்தாக அம்மையார் வழிகோலினார். விபசார விடுதிகளை நடத்துவோரைத் தண்டிக்கும் 1930-ம் வருஷச் சட்டத்திற்கும் அவருடைய முயற்சி பெரிதும் துணைநின்றது. அகப்பட்ட பெண்ணை மட்டும் தண்டித்துவிட்டு, அவளை வைத்துப் பணம் சேர்த்தவனை விட்டுவிடுவது நீதியாகாது என்பது அவர் கொள்கை.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? வைதிகர்களிடமிருந்து மட்டுமன்று. நாம் பெரிதும் போற்றும் சத்தியமூர்த்தி அவர்களே இச்சீர்திருத்தத்தை எதிர்த்தார். அன்னிய ஆட்சியிடம் விடுதலை கேட்ட தேசபக்தர்களில் பலர், தம் கோயில் வாசலில் நின்ற சிறுமியின் விடுதலையைக் காண மறந்தனர். இதை மறைப்பது பத்திரிகா தர்மமாகாது. தேவதாசிகளிலும் ஒரு சாரார் தங்கள் கலையும் ஜீவனமும் பறிபோகும் என்று முறையிட்டனர். அம்முறையீட்டை அற்பமென்று நாம் தள்ளிவிட மாட்டோம். ஒரு தொழிலை விலக்கும் சட்டம் வேறு பிழைப்பைத் தானாகக் கொடுத்துவிடாது.

இவ்வுண்மை அம்மையாருக்குத் தெரியும். அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்கு வேறெங்கும் இடம் கிட்டாதபோது தம் இல்லத்திலேயே ஔவை இல்லத்தைத் தொடங்கினார்; பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றது. 1930-ல் மகாத்மா காந்தி சிறைப்பட்டதும், தாம் கொண்டுவந்த மசோதா நிறைவேறுமுன்பே சட்டசபைப் பதவியைத் துறந்தார். தேசபக்தியில் அவர் எவருக்கும் பின்னிடவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல்தான், ஓமந்தூரார் மந்திரிசபைக் காலத்தில், நிறைவேறிற்று.

புற்றுநோயால் தங்கையை இழந்த துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. அதன் பயனாக 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. 1968-ம் வருஷம் ஜூலை 22-ந் தேதி அம்மையார் காலமானார்.

அவர் மறைந்து பதினெட்டு வருஷங்களுக்குப் பின், 1986-ல், இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இதே சென்னையில்தான். டாக்டர் ஸுநீதி ஸாலமனும் அவருடைய மாணவியும் பரிசோதித்த விலைமாதர்களின் ரத்தத்தில் அது காணப்பட்டது. அன்றும் ஊர் பழித்தது அப்பெண்களையே. அவர்களிடம் அதைக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டவர் சிலரே. நோயாளியைக் குற்றவாளியாக்கும் தேசத்தில் நோயாளி ஒளிவான். அவனோடு நோயும் ஒளியும். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருபவர் எவராயினும் வெட்கமின்றி உள்ளே நுழையக்கூடிய நிலையை உண்டாக்குவதே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.