பெரிய கோயிலுக்கு 1858-லேயே பனோரமா எடுத்தவர்: கேப்டன் லின்னேயஸ் ட்ரைப்பின் கதை

பெரம்பலூர் மாவட்டத்துல, பச்சைமலை அடிவாரத்துல இருக்கு அரும்பாவூர். அந்தப் பக்கம் போனால் மரச்சிற்பப் பட்டறைகள் உள்ள தெருவில் கொஞ்சம் நின்னு பாருங்க. வாகை, இலுப்பை, அத்தி, மா என்று ஏதோ ஒரு மரக்கட்டை. அதன் மேல் உளி, உளியின் தலையில் கொட்டாப்புளி. பாதி செதுக்கிய பிள்ளையார் மரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கலை இது.

அங்கே நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பாக்கெட்டிலிருந்து போனை எடுப்பீர்கள். ஒரு தட்டு. பிள்ளையார் எப்படி இருக்கிறாரோ அப்படியே திரையில் வந்துவிடுவார். வெளிச்சம் வெளிச்சமாக, நிழல் நிழலாக. இதில் என்ன அதிசயம் என்று கேட்கத் தோன்றும்.

அதிசயம்தான். ஃபிலிம் காலத்தில் இது இவ்வளவு எளிதாக நடக்காது. ஃபிலிமின் மேல் ஜெலட்டினில் கலந்து பூசியிருப்பது வெள்ளி உப்புத் துகள்கள். வெளிச்சம் பட்ட துகள், டெவலப்பர் திரவத்தில் போட்டதும் கறுப்பு வெள்ளித் துகளாக மாறிவிடும். அதனால் வெளிச்சமான இடம் கறுப்பாகவும் நிழலான இடம் தெளிவாகவும், எல்லாமே தலைகீழாகத்தான் வரும். அதுதான் நெகட்டிவ். அதை வைத்து இன்னொரு தாளில் பிரின்ட் போட்டால்தான் நிஜப் படம் கிடைக்கும்.

இந்தத் தலைகீழ் வேலையே வேண்டாம் என்று ஒரு வழியும் உண்டு. அதன் பெயர் டைரக்ட் பாசிட்டிவ். எல்லாத் துகள்களையும் முன்கூட்டியே லேசாக உசுப்பி, டெவலப்பர் பட்டாலே கறுக்கிற நிலையில் தயாராக வைத்துவிடுவார்கள். படம் எடுக்கும்போது வெளிச்சம் எங்கே படுகிறதோ அங்கே அந்த உசுப்பல் அழிந்துபோகும். டெவலப் பண்ணினால் நிழல் மட்டும் கறுக்கும், வெளிச்சம் பட்ட இடம் தெளிவாகவே நிற்கும். நேரடியாக நிஜப் படம்! எக்ஸ்ரே படத்துக்கும் மைக்ரோஃபிலிமுக்கும் நகல் எடுக்க இந்த வகை ஃபிலிம் பல ஆண்டுகள் கைகொடுத்தது.

புகைப்படம் பிறந்த 1839-லேயே இந்த இரண்டு வழிகளும் எதிரெதிரே நின்றன. பிரான்ஸில் டாகுவேர், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நேரடியாக நிஜப் படம் எடுத்துக் காட்டினார். படம் கண்ணாடி மாதிரி துல்லியம். ஆனால் அந்த ஒரு தகடுதான் படம், நகல் கிடையாது. அரும்பாவூரில் ஒரே கட்டையில் செதுக்கும் சிற்பம் மாதிரி. இங்கிலாந்தில் டால்பட் காட்டியது நெகட்டிவ் வழி. படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரின்ட் வேண்டுமானாலும் போடலாம்.

இந்த இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்து, மாட்டு வண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு நம்ம ஊர்ப் பக்கம் வந்த ஒரு மனிதரின் கதைதான் இது.

கப்பல் ஊர்ப் பையன்

லின்னேயஸ் ட்ரைப். இங்கிலாந்தின் பிளிமத் நகரை ஒட்டிய டெவன்போர்ட்டில் 1822 ஏப்ரல் 14-ல் பிறந்தார். கப்பல் கட்டும் ஊர். பதின்ம வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்துவிட்டார். ஒரு சாதாரண ராணுவ அதிகாரியின் வாழ்க்கை.

1850-களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் சொந்த ஊருக்குப் போனார். அங்கேதான் கேமரா அவரைப் பிடித்துக்கொண்டது. டெவன்போர்ட் துறைமுகத்தையும் கப்பல் தளங்களையும் படம் எடுத்துப் பழகினார். 1853-ல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் சேர்ந்தார். திரும்பி வந்து பெங்களூரில் வேலை பார்த்தபோது, 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமாக்கினார். அடுத்த ஆண்டு மெட்ராஸ் கண்காட்சியில் அந்தப் படங்களுக்கு முதல் வகுப்புப் பதக்கம் கிடைத்தது.

அதே 1855-ல் பர்மா மன்னரின் அவைக்குத் தூதுக்குழு ஒன்று கிளம்பியது. ஆர்தர் ஃபேர் தலைமை. படம் எடுக்க ட்ரைப்பைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகஸ்ட்டிலிருந்து நவம்பர் வரை பயணம். ஊர் திரும்பியதும் தேர்ந்தெடுத்த படங்கள் 120. ஒவ்வொரு படத்துக்கும் 50 பிரின்ட். கணக்குப் போடுங்கள், மொத்தம் 6,000. ஒவ்வொன்றையும் நெகட்டிவோடு ஒட்டிவைத்து, வெயிலில் காட்டி, கழுவி, உலர்த்தி எடுக்க வேண்டும். டாகுவேர் வழியில் போயிருந்தால் இந்த 50 செட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மெழுகுத் தாளும் மாட்டு வண்டியும்

கம்பெனி நிர்வாகத்துக்கு அப்போது ஓர் யோசனை இருந்தது. கோயில்களையும் கோட்டைகளையும் ஓவியர்களை வைத்து வரைவதைவிட கேமராவால் பதிவு செய்வது மலிவு, துல்லியமும் கூட. 1856-ல் ட்ரைப்பை மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமித்தார்கள்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பினார். ராயக்கோட்டை, சேலம் வட்டாரம், பிறகு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு. வடக்கே சிப்பாய்ப் புரட்சி கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. ட்ரைப்பின் கேமரா ஆள்பவர்களின் கேமரா என்பதையும் மறக்க வேண்டாம். பிடித்த மண்ணில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலையும் அதில் கலந்திருந்தது.

அவர் படம் எடுத்த விதத்தைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். நல்ல தாளை உருக்கிய மெழுகில் ஊறவைக்க வேண்டும். பிறகு அயோடைடு கரைசல், அடுத்து வெள்ளி நைட்ரேட் கரைசல். தாளுக்குள் வெள்ளி அயோடைடு உருவாகிவிடும். இந்த வெள்ளி நைட்ரேட் வேலை இருட்டறையில். அந்தத் தாளைப் பெரிய மரக் கேமராவில் வைத்து, நிமிஷக் கணக்கில் வெளிச்சம் காட்ட வேண்டும். அப்புறம் கேலிக் அமிலத்தில் டெவலப். படத்தைப் பெரிதாக்கும் வசதி கிடையாது. பிரின்ட் என்ன அளவோ நெகட்டிவும் அதே அளவு, ஏறத்தாழ 12-க்கு 15 அங்குலம். இந்தப் பயணத்தில் கண்ணாடி நெகட்டிவ்களையும் பயன்படுத்தினார். அத்தனையும் மாட்டு வண்டியில், நம்ம ஊர் ரோட்டில்!

இதனால் இரண்டு வேடிக்கைகள். முதலாவது, அவர் படங்களில் ஆளே இல்லாத மாதிரி இருக்கும். கோயில் வாசலில் நடந்து போகிறவர் நிமிஷக் கணக்கில் அசையாமல் நின்றால்தானே பதிவாவார்? நடந்தவர்கள் எல்லாம் மாயமாகிவிட்டார்கள்.

இரண்டாவது, வானம். அந்த வெள்ளி உப்புக்கு நீல நிறமும் வெள்ளையும் ஒன்றுதான். நீல வானம், அதில் மேகம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லாம் வெறும் வெள்ளையாக வந்துவிடும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் தூரிகையால் வண்ணம் தடவி, மேகத்தைத் தானே வரைந்துகொண்டார். மரங்களின் இலைகளையும் அப்படியே தொட்டுச் சரிசெய்தார். நீங்கள் இன்று ஆப்பில் வானத்தை மாற்றுகிறீர்களே, அதற்கு 160 வருஷத்துக்கு மேல் மூத்த அண்ணன் இது.

21 படம், ஒரே சுவர்

இப்போது தஞ்சாவூருக்கு வருவோம். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். யார் எதைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள் என்ற விவரமெல்லாம் கல்லிலேயே இருக்கிறது. 1858-ல் அவை முறையாகப் படித்து அச்சாகியிருக்கவில்லை. ஹுல்ட்ஷ் முதலான கல்வெட்டறிஞர்கள் அந்த வேலையில் இறங்கியது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

ட்ரைப் அந்தச் சுவரின் ஓரமாகக் கேமராவை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு பகுதியாக எடுத்தார். மொத்தம் 21 படங்கள். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியபோது ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே பனோரமா! போனைக் கையில் பிடித்து இடமிருந்து வலமாக நகர்த்தும்போது உங்கள் கை கொஞ்சம் ஆடினாலே கோடு உடைந்துவிடுகிறது. அவர் ஒவ்வொரு முறையும் கேமராவைத் தூக்கி, உயரமும் தூரமும் மாறாமல் வைத்து, ஒரே மாதிரி வெளிச்சம் காட்டி, ஒரே மாதிரி டெவலப் பண்ணியிருக்க வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கும் ஒரு செய்தி. விளக்குத்தூணையும் அவர் படம் எடுத்திருக்கிறார். திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். நேப்பியர் பிரபு 1860-களில் அதைப் பழுதுபார்க்கத் தொடங்கும் முன், இடிந்து கிடந்த நிலையில் அது எப்படி இருந்தது என்று அந்தப் படங்களில்தான் பார்க்க முடிகிறது. அமராவதியிலிருந்து மெட்ராஸுக்குக் கொண்டுவந்த பௌத்தச் சிற்பங்களையும் 1858-ல் வரிசையாகப் படமாக்கினார்.

ஒரே உத்தரவு

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மெட்ராஸுக்குப் புது கவர்னர் வந்தார். சார்லஸ் ட்ரெவெலியன், 1859. செலவுக் கணக்கில் கறார் மனிதர். அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஒரு புகைப்படக்காரரை வைத்துக்கொள்வது அவருக்கு ஆடம்பரமாகப் பட்டது. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். 1860-ஓடு கதை முடிந்தது.

அப்போது ட்ரைப்புக்கு வயது 38. அதன்பின் ஏறத்தாழ கேமராவையே விட்டுவிட்டார் என்று சொல்லலாம். பர்மாவில் பணியாற்றியபோது சில படங்கள் எடுத்தார், அவ்வளவுதான். ராணுவத்துக்குத் திரும்பி, 1870-களில் ஓய்வுபெற்று, பிறந்த டெவன்போர்ட்டுக்கே போய்ச் சேர்ந்தார். 1902 மார்ச் 2-ல் காலமானார். புகைப்படக்காரராக அவர் முழுமூச்சாக இயங்கியது பத்து வருஷம்கூட இல்லை.

ஆனால் படங்கள் போகவில்லை. காரணம், அவர் எடுத்த வழி. ஒரே தகட்டில் ஒரே படம் என்று இருந்திருந்தால், ஒரு கை தவறினாலே எல்லாம் போயிருக்கும். நெகட்டிவிலிருந்து போட்ட பிரின்ட்டுகள் ஆல்பம் ஆல்பமாகப் பல இடங்களுக்குப் பிரிந்து போனதால் பிழைத்துக்கொண்டன. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இன்றைக்கும் இருக்கின்றன. 2014-ல் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடம் அவருக்கென்றே ஒரு கண்காட்சி தொடங்கியது. அது நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் போனது. 

அவர் எடுக்காத படம்

ட்ரைப்பின் ஆல்பங்களில் அரும்பாவூர் கிடையாது. அது மட்டுமில்லை. உளி பிடித்த கையும் அவற்றில் கிடையாது. கல்லைப் பார்த்தவர், கல்லைச் செதுக்குகிற, பழுதுபார்க்கிற, தேர் செய்கிற ஆட்களைப் பார்க்கவில்லை. அவருடைய வெள்ளி உப்புக்கு வேகம் போதாது என்பது ஒரு காரணம். அவரை அனுப்பிய அரசாங்கம் முக்கியமாகக் கேட்டது கட்டடங்களைத்தான் என்பது இன்னொரு காரணம்.

உங்கள் போனுக்கு அந்த இரண்டு தடையும் இல்லை. அடுத்த முறை அரும்பாவூர் பட்டறையில் நிற்கும்போது, பிள்ளையாரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்த அண்ணனிடமோ ஐயாவிடமோ அனுமதி கேட்டு, அவர் முகத்தையும் கையையும் எடுங்கள். பெயர், எந்த மரம், எந்தக் கோயிலுக்குப் போகிறது, எத்தனை நாள் வேலை என்று கேட்டுக் குறித்துவையுங்கள். அவர் சொன்னால் படத்தோடு அந்தப் பெயரையும் போடுங்கள்.

இன்னொன்று. மெமரி ஃபுல் என்று போன் கத்தியதும் பழைய படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கிறோம் இல்லையா? ட்ரைப்பின் வேலையை நிறுத்த ஒரு கவர்னர் தேவைப்பட்டார். நமக்கு ஒரு விரல் போதும். அழிப்பதற்கு முன் ஒரு நகல் வேறெங்காவது வையுங்கள். முடிந்தால் நல்ல படம் நாலைந்தைப் பிரின்ட் போட்டு, ஒரு செட்டை அந்தப் பட்டறையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.