கண்ணாடி தேய்த்த ஞானி

அறிஞர்களுள் அரண்மனை ஆதரவில் வாழ்ந்தவர் பலர். கண்ணாடியைத் தேய்த்துப் பிழைத்துக்கொண்டே உலகின் சிந்தனைப் போக்கை மாற்றியவரும் ஒருவர் உண்டு. அவர்தாம் ஸ்பினோசா.

1632ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், ஹாலந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் யூத வணிகர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இளமையில் மறைநூல்களைக் கற்றார். பின்னர் இலத்தீன் பயின்று டேகார்ட்டின் தத்துவத்தில் தோய்ந்தார். 1654இல் தந்தை மறைந்தபின் தம்பியுடன் சேர்ந்து வணிகத்தையும் கவனித்தார். அவருடைய சிந்தனை வளர வளர, பகையும் வளர்ந்தது. 1656 ஜூலை 27 அன்று, 23 வயதே ஆன அவரை யூத சமூகம் விலக்கி வைத்தது. அவருடன் எவரும் பேசலாகாது; ஒரே கூரையின்கீழ்த் தங்கலாகாது; அவர் எழுதியதைப் படிக்கலாகாது!

ஸ்பினோசா கலங்கவில்லை. தொலைநோக்கிக்கும் நுண்ணோக்கிக்கும் வேண்டிய வில்லைகளைத் தேய்க்கும் தொழிலை மேற்கொண்டார். இயற்பியல் மேதை ஹைகன்ஸே அவற்றின் நேர்த்தியை மெச்சினார். ஆய்வகத்தில் குவியத் தூரம் காணும் நாம், வில்லையை வழவழப்பாக்கிய கைகளை என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

1670இல் பெயரிடாமல் ஒரு நூலை வெளியிட்டார். சிந்தனை உரிமையால் நாட்டின் அமைதி கெடாது, அதனைப் பறித்தால்தான் கெடும் என்பதே அதன் சாரம். 1674இல் அந்நூல் தடை செய்யப்பட்டது.

இதற்கிடையே 1673இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. நிலைபெற்ற சமயத்தைக் குலைக்கலாகாது என்பது ஒன்றே நிபந்தனை. அந்த எல்லை எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்பது தெரியாததால் அவர் பணிவுடன் மறுத்துவிட்டார். பட்டம் பெற்றால் ஒரு வேலை கிடைக்கும் என்று வீட்டார் காத்திருக்க, கல்லூரிக்கு வந்துள்ள நம் போன்றோர்க்கு இம்மறுப்பு எளிதில் விளங்காது. கைத்தொழில் ஒன்று இருந்ததால் அன்றோ அவரால் மறுக்க முடிந்தது!

அவருடைய தலைசிறந்த படைப்பு ‘அறவியல்’. யூக்ளிடின் வடிவியல் போலவே வரையறை, அடிப்படை உண்மை, தேற்றம் என அது அமைந்துள்ளது. இறைவனும் இயற்கையும் வேறல்ல என்பது அதன் அடித்தளம். அந்நூல் அச்சேறியதை அவர் காணவில்லை. நுரையீரல் நோயால் 1677 பிப்ரவரி 21 அன்று, 44ஆம் வயதில் ஹேக் நகரில் மறைந்தார். அதே ஆண்டில் நண்பர்கள் நூலை வெளியிட்டனர். மறு ஆண்டே அதற்கும் தடை வந்தது.

தடைகள் மறைந்தன, சிந்தனை மறையவில்லை. ஸ்பினோசாவின் இறைவனையே தாம் நம்புவதாக 1929இல் ஐன்ஸ்டீன் அறிவித்தார். அவர் நூல்களைத் தடை செய்த நாடே 1972இல் ஆயிரம் கில்டர் பணத்தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது. பதவியை நாடாதவரைப் புகழ் நாடி வந்தது. உழைக்கும் கையும் அஞ்சாத நெஞ்சும் ஒருங்கே அமைந்தால் மனிதன் எவர்க்கும் அடிமையல்லன் என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.