ஒளித்து வைக்கப்பட்ட சிறுமி

மன்னார், எருக்கலம்பிட்டிப் பகுதிகளில் இன்று புத்தகப் பையுடன் பாடசாலை செல்லும் சிறுமியருக்கு இச்சரிதம் நம்பமுடியாததாகத் தோன்றலாம். 1880இல் வங்காளத்தின் ரங்பூர் பிரதேசத்து பைராபந்தில் ஜமீன்தார் குடும்பமொன்றில் பிறந்த பேகம் ரொக்கையா, ஐந்து வயதிலேயே திரைக்குள் வைக்கப்பட்டார். ஆண்களிடமிருந்து மட்டுமன்று, அறிமுகமற்ற பெண்களிடமிருந்தும் ஒளிய வேண்டும். விருந்தினர் வந்த ஒரு தடவை, நாட்கணக்காக மேல்மாடிச் சிற்றறையில் அரைப்பட்டினியுடன் மறைந்திருந்தார். தான் இருப்பதே குற்றம் என்று குழந்தையை நம்பவைத்த வீடு அது. இதனை மார்க்கம் கேட்டதா, குடும்ப கௌரவம் கேட்டதா என்பதை வாசகர்களே எண்ணிப்பார்க்கட்டும்.

தாய்மொழியான வங்காளமும் அங்கே விலக்கப்பட்டிருந்தது. அதனைத் திருட்டுத்தனமாகப் படித்த மூத்த சகோதரி கரீமுன்னிஸா இளவயதிலேயே மணமுடித்து அனுப்பப்பட்டார். தங்கைக்கு அம்மொழியைக் கற்பித்தவரும் அவரே. ஆங்கிலத்தை, வீடு உறங்கியபின் மெழுகுதிரி ஒளியில் தமையன் இப்ராஹீம் சொல்லிக்கொடுத்தார்.

கணவர் சகாவத் ஹுசைன் 1909இல் காலமானதும், அவர் ஒதுக்கிய பணத்தில் பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் பாடசாலை தொடங்கினார். சொத்துத் தகராறால் அங்கிருந்து வெளியேறி, 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் மீண்டும் ஆரம்பித்தார். முற்றாக மூடப்பட்ட பாடசாலை வண்டிக்குள் பிள்ளைகள் மயங்கி விழுந்தனர். திரையைச் சற்றுத் தளர்த்தியதும் மிரட்டற் கடிதங்கள் வந்தன. 1932 டிசம்பர் 9இல் இறக்கும்வரை அவர் பாடசாலையை மூடவில்லை.