அம்மைப்பால் தந்த வைத்தியர்

என் தோளில் ஒரு சிறு தழும்பு உண்டு. சிறுவனாயிருந்த நாளில் திரியாயில் அம்மைப்பால் குத்தியதன் அடையாளம் அது. என் அம்மம்மாவின் முகத்திலோ எண்ணற்ற வடுக்கள் இருந்தன. அம்மைப்பால் கிட்டாமல், வைசூரியோடு போராடிப் பிழைத்தவர் அவர். அந்த வடுக்கள் என் முகத்தில் விழாமல் காத்தவர் எட்வேர்ட் ஜென்னர்.

1749ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், இங்கிலாந்தின் பார்க்லி என்னும் சிற்றூரில், மதகுரு ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். ஐந்து வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். எட்டு வயதில், அக்கால வழக்கப்படி, வைசூரிக் கொப்புளத்துச் சீழை அவர் உடலில் கீறி ஏற்றினர். மெல்லிய நோய் வந்து நீங்கினால் கொடிய நோய் பின்னர் அணுகாது என்பது கருத்து. அதற்காகப் பட்டினி போட்டு, இரத்தம் வடித்து, குதிரை லாயத்தில் அடைத்து வைத்த நாட்களை அவர் மறந்தாரில்லை. அம்முறையால் மாண்டவரும் உண்டு. அதனால் பிறருக்கு நோய் பரவியதும் உண்டு.

இலண்டனில் ஜோன் ஹண்டரிடம் பயின்றபின், ஜென்னர் ஊர் திரும்பி வைத்தியம் செய்தார். மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்களை வைசூரி தீண்டாது என்பது அப்பகுதி மக்களின் பேச்சு. மாட்டோடு வாழ்பவர் சொல்லில் உண்மை இருக்கும் என்பது திரியாயில் வளர்ந்த எனக்குப் புதிதன்று. 1774இலேயே பெஞ்சமின் ஜெஸ்டி என்னும் உழவர் தம் மனைவி மக்களுக்கு மாட்டம்மைச் சீழைக் கீறி ஏற்றியிருந்தார். ஆயினும், முறையாகச் சோதித்து எழுதி உலகறியச் செய்தவர் ஜென்னரே.

1796 மே 14ஆம் நாள், சாரா நெல்ம்ஸ் என்னும் பால்காரப் பெண்ணின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனுக்கு ஏற்றினார். ஜூலை முதலாம் நாள், அதே சிறுவனுக்கு வைசூரிச் சீழையே ஏற்றினார். எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது. ஏழையின் பிள்ளை, சோதனை பிழைத்திருந்தால் என்னாகியிருக்கும்? இன்றைய வைத்திய அறம் அதற்கு இசையாது. சிறுவனுக்கு நோய் வரவில்லை. பிற்காலத்தில் ஜென்னர் அவனுக்குக் குடியிருக்க ஒரு வீடு அளித்தார்.

நோய் ஏன் வரவில்லை? ஜென்னர் அதனை அறியார். வைரசுக் கிருமியை எவரும் கண்டிராத காலம் அது. இன்று நாம் அறிவோம். கிருமி உட்புகுந்ததும் வெண்குருதிக் கலங்கள் போருக்கு எழுகின்றன. சில, பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றன. அவை கிருமியைப் பற்றிக்கொண்டு, அது கலங்களுள் நுழையாமல் தடுக்கின்றன. வேறு சில, கிருமி குடிகொண்ட கலங்களையே அழிக்கின்றன. போர் முடிந்தபின்னும் பகைவனை நினைவில் வைத்திருக்கும் கலங்கள் எஞ்சுகின்றன. மாட்டம்மைக் கிருமியும் வைசூரிக் கிருமியும் ஓரினம். எளிய பகையோடு பொருது பழகிய உடல், கொடிய பகையையும் இனங்கண்டு விரைந்து எதிர்த்தது.

1798இல் ஜென்னரின் நூல் வெளிவந்தது. எள்ளி நகைத்தோர் பலர். எனினும் அவர் தளரவில்லை. ஏழைகளுக்குப் பணம் பெறாமலே குத்தினார். அம்மைப்பால் கடல் கடந்தது. குளிரூட்டும் பெட்டிகள் இல்லாத அந்நாளில், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றியே அதை உயிரோடு காத்தனர். 1802 ஜூனில் அது பம்பாயில் ஒரு மூன்று வயதுக் குழந்தையிடம் பலித்தது. 1797இல் திருகோணமலைக்கு அனுப்பப்பட்ட தோமஸ் கிறிஸ்டி என்னும் வைத்தியர், 1802 ஓகஸ்ட் 11ஆம் நாள் தம் முதல் வெற்றியைக் கண்டார். பின்னர் எட்டாண்டுகள் இலங்கையெங்கும் அதனைப் பரப்ப உழைத்தார்.

ஜென்னர் 1823 ஜனவரி 26ஆம் நாள் பார்க்லியிலேயே மறைந்தார். 1980 மே 8ஆம் நாள், வைசூரி பூவுலகை விட்டு ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் முடிவுரைத்தது. என் பேரப்பிள்ளைகளின் முகத்தில் அம்மம்மாவின் வடுக்கள் இல்லை. தோளில் என் அம்மைப்பால் தழும்பும் இல்லை. அது ஏன் இல்லை என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம், பார்க்லி வைத்தியரையும் அந்த எட்டு வயதுச் சிறுவனையும் சேர்த்தே சொல்லிவருகிறேன்.